கோதுமையும் குடலும்



ஒரு பிடி கோதுமை மாவை எடுத்து (மைதாவானால் இன்னும் நன்று) நீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்த உருண்டையை மெல்லிய துணி ஒன்றில் முடிந்து, ஒரு பாத்திரத்து நீருக்குள் வைத்து மெல்லப் பிசைந்துகொண்டே இருங்கள். நீர் பால்போல் வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு நீர் மாற்றுங்கள். நாலைந்து முறை இவ்வாறு செய்தபின் நீர் தெளிந்துவிடும். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், உருண்டையின் பெரும்பகுதி கரைந்துபோய், ரப்பரைப்போல் இழுபடும் ஒரு சிறு கட்டி மட்டும் எஞ்சியிருக்கும். கரைந்தது மாச்சத்து, கையில் நின்றது குளூட்டன் என்னும் புரதம். அரிசி மாவில் இதே சோதனையைச் செய்தால் இழுபடும் கட்டி எதுவும் நிற்காது. நான் பள்ளியில் செய்து காட்டிய செலவில்லாச் சோதனைகளில் இதைப்போல் பிள்ளைகளை மகிழ்வித்தது வேறொன்றில்லை. கட்டியை இழுத்து இழுத்துப் பார்ப்பதற்காகவே வகுப்பு முடிந்தபின்னும் மேசையைச் சுற்றி நின்றவர்கள் உண்டு.

இந்தச் சோதனைக்கு வயது ஏறத்தாழ 300 ஆண்டுகள். இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி என்பவர் 1728-ஆம் ஆண்டில் இதை அறிஞர் கழகத்தார் முன் எடுத்துரைத்தார். 1745-இல் அது அச்சாயிற்று. இலத்தீன் மொழியில் குளூட்டன் என்றால் பசை. இந்தப் பசையின் தயவினால்தான் பரோட்டாக் கடைக்காரர் மாவைத் துணிபோல் வீசி விரிக்க முடிகிறது, பூரி உப்புகிறது, ரொட்டிக் கடையில் புளித்த மாவு காற்றைத் தனக்குள் சிறைப்படுத்திப் பொங்கி எழுகிறது. உலகத்து மக்களில் பெரும்பாலோர்க்கு இது நல்ல புரதம். ஆனால் நூற்றில் ஒருவர் அளவுக்கு, சிலருடைய உடல் மட்டும் இந்தப் பசையைப் பகையாகக் கொண்டு, அந்தப் பகையின் பெயரால் தன் குடலையே அழித்துக்கொள்கிறது. அந்த நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். அதைப்பற்றியே இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. வயிறு என்பதற்குக் கிரேக்கர் வழங்கிய சொல்லின் அடியாகப் பிறந்தது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னே கப்பதோசியா நாட்டு வைத்தியர் அரிட்டேயஸ், உண்டது செரிக்காமல் கழிந்து, உடல் மெலிந்து வாடும் நோயாளிகளைப் பார்த்து இப்பெயரால் எழுதிவைத்தார். அதற்குப் பின் நெடுங்காலம் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலண்டன் மாநகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்னும் டாக்டர் ஒரு சொற்பொழிவு செய்தார். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இந்நோய் மிகுதி என்றும், குணமாவதானால் உணவு முறையினாலேயே குணமாகவேண்டும் என்றும் அவர் கூறினார். மருந்தைத் தேடாமல் உணவைத் தேடச் சொன்னாரே, அங்கேதான் அவருடைய கூர்மை விளங்குகிறது.

ஆனால் எந்த உணவு? மாவுப் பண்டங்களைக் குறைக்கவேண்டும் என்று சொன்ன அதே கீ, அரிசியும் சவ்வரிசியும் ஆகா என்று தள்ளிவிட்டு, மெல்லிதாக அரிந்து இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார். இன்று நாம் அறிந்ததற்கு நேர்மாறு! தீங்கற்ற அரிசி விலக்கப்பட்டது; தீங்கு செய்யும் ரொட்டி வாட்டப்பட்டு உள்ளே புகுந்தது. அவரிடம் வந்த ஒரு குழந்தைக்கு நாள்தோறும் நிறைய ஹாலந்து நாட்டுச் சிப்பி இறைச்சி கொடுத்தார்களாம். குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியது; சிப்பிப் பருவம் முடிந்தவுடன் மீண்டும் நலிந்தது. மறு பருவத்தில் அதை உண்ணவே மாட்டேன் என்று அது அடம் பிடித்துவிட்டது. சிப்பியில் மருந்தொன்றும் இல்லை. சிப்பியால் வயிறு நிறைந்த குழந்தைக்கு ரொட்டி தின்ன இடமில்லாமல் போயிற்று என்றே இன்று நாம் கொள்ளவேண்டும்.

இதே வகையான மயக்கம் 1924-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலும் நேர்ந்தது. ஹாஸ் என்னும் குழந்தை வைத்தியர் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு முறையை வகுத்தார். அவர் எழுதிய பத்துக் குழந்தைகளில், அந்த உணவு பெற்ற எட்டுப் பேர் தேறினர். பெறாத இருவர் இறந்தனர். வாழைப்பழத்திற்கு அமெரிக்காவில் பெரும்பெயர் வந்தது. பல குழந்தைகள் அதனால் உயிர் பிழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் ரொட்டியை விலக்கியதைவிட வாழைப்பழத்தைச் சேர்த்ததே பெரிதென்று எண்ணினார். குழந்தை தேறியபின் பழைய உணவுக்குத் திரும்பலாம் என்றும் கருதினார். திரும்பியவர்களின் குடலில் நோயும் திரும்பியது. ஒன்றைச் சேர்த்து ஒன்றை நீக்கும்போது, பயன் விளைத்தது சேர்த்ததா, நீக்கியதா என்று பிரித்துக் காண்பது எத்தனை கடினம்! அறிவியல் மாணவர்கள் பரிசோதனைச் சாலையில் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அப்படிப் பிரித்துக் கண்டவர் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் டிக்கே. 1905-இல் பிறந்தவர், ஹேக் நகரத்து யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1930-களிலேயே, ரொட்டியை நிறுத்தினால் சில குழந்தைகள் தேறுகிறார்கள் என்ற செய்தி அவர் கவனத்துக்கு வந்துவிட்டது. கோதுமை நீக்கிய உணவைப்பற்றி 1941-ஆம் ஆண்டில் அவர் கட்டுரையும் எழுதினார். பிறகுதான் அந்தப் பஞ்சம் வந்தது. 1944-ஆம் ஆண்டு இறுதியில், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த மேற்கு ஹாலந்தில் உணவு வரத்து அற்றுப்போயிற்று. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் மலர்ச்செடியின் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ஊரெல்லாம் வாடிய அந்தக் காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர் என்றும், நிவாரணமாக ரொட்டி வந்து சேர்ந்ததும் அவர்கள் மீண்டும் படுக்கையில் விழுந்தனர் என்றும், அதைக் கண்டே டிக்கே உண்மையை உணர்ந்தார் என்றும் ஒரு கதை உலகெங்கும் வழங்குகிறது.

கதை அழகானது. பஞ்சம் அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்தியிருக்கலாம். ஆனால் எண்ணம் பஞ்சத்திற்கு முந்தியது என்பதை 1941-ஆம் ஆண்டுக் கட்டுரையே காட்டுகிறது. மேலும், பஞ்சத்தில் கோதுமை ஒன்றா குறைந்தது? எல்லாமே குறைந்தன. அதைக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. நிறுவியது பின்னால் நடந்த பொறுமையான வேலை. அந்த வேலையில் கதைக்குரிய சுவை குறைவு. ஆகவே அதைச் சொல்பவரும் குறைவு.

வேலை இதுதான். நோயுற்ற குழந்தைகளை மருத்துவமனையிலேயே வைத்து, உணவை நிறுத்து அளந்து கொடுத்தார்கள். சில வாரம் கோதுமை உண்டு. சில வாரம் கோதுமை இல்லை. அதனிடத்தில் அரிசி, சோள மாவு, உருளைக்கிழங்கு முதலியவற்றை மாற்றி மாற்றி வைத்தார்கள். குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்தார்கள். அது மட்டுமன்று, உண்ட கொழுப்பில் எவ்வளவு உடலில் சேர்ந்தது, எவ்வளவு வீணே கழிந்தது என்று கணக்கெடுத்தார்கள். இதற்கு மலத்திலுள்ள கொழுப்பை அளக்க ஒரு திருத்தமான முறை வேண்டும். யூட்ரெக்ட் நகரத்து வேதியியலறிஞர் வான் டி காமர் 1949-இல் அத்தகைய முறையொன்றை வெளியிட்டார். குழந்தை வைத்தியர் வையர்ஸ் என்பவரும் துணை நின்றார். முகம் சுளிக்கும் வேலைதான். ஆனால் அந்த எண்களை வரைபடத்தாளில் குறித்தபோது, கோதுமை வந்த வாரங்களில் கோடு ஒரு பக்கம் சரிந்தது. கோதுமை போன வாரங்களில் நிமிர்ந்தது. 1950-ஆம் ஆண்டில் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை டிக்கே வெளியிட்டார். கோதுமையும் அதன் இனமான ரை தானியமும் தீங்கு செய்கின்றன, அரிசி செய்வதில்லை. 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆய்வாளர்கள், பெக்காரி கழுவியதுபோலவே கோதுமை மாவைப் பிரித்து, கரைந்துபோன மாச்சத்து குற்றமற்றது என்றும், எஞ்சிய குளூட்டனே குற்றவாளி என்றும் நிலைநாட்டினர். டிக்கே 1962-இல் காலமானார்.

குற்றவாளி கிடைத்தது சரி. குற்றம் எங்கே, எவ்வாறு நிகழ்கிறது?

நம் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவர் வழவழப்பானதன்று. குளித்துத் துவட்டும் பூத்துவாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் துணியைவிட அது நீரை மிகுதியாக உறிஞ்சுவது ஏன்? அதன் பரப்பெல்லாம் நூல் வளையங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அதுபோலச் சிறுகுடலின் உட்சுவரில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரமுள்ள விரல் போன்ற நுண்ணிய உறுப்புகள் இலட்சக்கணக்கில் நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று உங்கள் பாடநூல் சொல்வது இவற்றைத்தான். இவற்றை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் நிறையும் என்று பழைய நூல்கள் எழுதின. நானும் அவ்வாறே கற்றேன். 2014-இல் ஸ்வீடன் நாட்டார் நுண்பெருக்கியால் அளந்து பார்த்து, ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். ஒரு பெரிய வகுப்பறையின் தரையைவிடக் குறைவு. ஆனாலும் ஒரு மனித வயிற்றுக்குள் அவ்வளவு இடம் மடிந்து கிடப்பது வியப்பே.

சீலியாக் நோயில் இந்தப் பூத்துவாலை வெறுந்துணியாகிவிடுகிறது. விரல்கள் குட்டையாகி, மழுங்கி, முற்றிய நிலையில் தரைமட்டமாகின்றன. 1954-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு டாக்டர் பாலி என்பவர் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த குடல் துணுக்குகளில் இச்சிதைவைக் கண்டு எழுதினார். பிறகு, வயிற்றைக் கிழிக்காமலே குடலைப் பார்க்க வழி பிறந்தது. 1957-இல் கிராஸ்பி என்னும் அமெரிக்கரும் அவருடைய துணைவரும் ஓர் உலோகக் குப்பியை ஆக்கினர். மெல்லிய குழாயின் நுனியில் அதைக் கட்டி நோயாளி விழுங்குவார். குடலை அடைந்ததும் வெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் உள்ளே சிறு கத்தி சுழன்று கடுகளவு திசுவை வெட்டிக்கொள்ளும். இன்று அகநோக்கிக் குழாய் அந்த வேலையைச் செய்கிறது.

விரல்கள் மழுங்கினால் உணவு உள்ளே போயும் உடலுக்குச் சேராது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றன. நோய் மிகுதியாகத் தாக்குவதும் அந்தப் பகுதியைத்தான். ஆகவே சிலருக்கு வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல். சிலருக்கு வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாமல் சோகை மட்டும். சிலருக்கு எலும்பு வலுவிழத்தல். சிலருக்குத் தோலில் தாளாத அரிப்போடு கொப்புளங்கள். பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்றுபோதல். ஒரே நோய் இத்தனை வேடம் போடுவதால்தான் அதைப் பலர் இனங்காணத் தவறுகின்றனர்.

இனி, உடல் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு வருவோம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சரம். செரிமான நொதிகள் கத்திரிபோல் அச்சரத்தைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. குளூட்டனிலுள்ள கிளையடின் என்னும் சரத்தில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமிலங்கள் மிகுதி. புரோலின் வரும் இடமெல்லாம் சரம் முடங்கி நிற்கும். நம் கத்திரிகளுக்கு அங்கே வெட்ட வராது. எனவே எல்லோருடைய குடலிலும் குளூட்டன் அரைகுறையாகவே செரிக்கிறது. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைத்தன் கோஸ்லா முதலானோர், 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு நம் செரிமான நொதிகள் எதற்கும் மசியாமல் நிற்பதைக் காட்டினார்கள். பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. வந்த வழியே போய்விடும்.

சிலருக்கு மட்டும் அத்துண்டு குடற்சுவரின் அடியில் நுழைந்ததும் வினை தொடங்குகிறது. அங்கே திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி ஒன்று இருக்கிறது. காயம் ஆற்றுவதிலும் புரதங்களைப் பிணைப்பதிலும் உதவும் நல்ல வேலையாள் அது. அது இந்தத் துண்டிலுள்ள குளூட்டமினைத் தொட்டு குளூட்டாமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. மாற்றம் சிறிது, ஆனால் அதனால் துண்டுக்கு எதிர்மின்னேற்றம் கிடைக்கிறது. இப்போது இன்னொருவர் வருகிறார். நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல், உள்ளே வந்த பொருளைத் தாங்கிப் பிறருக்குக் காட்டும் ஏந்தி மூலக்கூறுகள் உண்டு. பெற்றோரிடமிருந்து எந்த வகை ஏந்தி வந்தது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். டிக்யூ-2, டிக்யூ-8 என்னும் இரண்டு வகைகளின் குழிவில், எதிர்மின்னேற்றம் பெற்ற இந்தத் துண்டு பூட்டில் சாவி நுழைவதுபோல் பொருந்துகிறது. நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் சோல்லிட் முதலானோர் 1989 முதல் செய்த ஆராய்ச்சி இதை விளக்கியது. ஏந்தியில் துண்டைக் கண்ட டி-அணுக்கள் பகைவன் வந்துவிட்டான் என்று முழங்குகின்றன. அழற்சி மூளுகிறது. அந்த அழற்சியில் குடலுறிஞ்சிகள் மாய்கின்றன. கோதுமை தானே எதையும் இடிப்பதில்லை. பகைவன் என்று எண்ணிக் காவற்படைதான் தன் வீட்டை இடிக்கிறது.

இதிலே இன்னுமொரு புதுமை. 1997-இல் பெர்லின் நகரத்து ஆய்வாளர்கள் டீட்டரிச், ஷுப்பான் முதலியோர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் நெடுங்காலமாகக் காணப்பட்ட ஒரு மர்ம எதிர்ப்பொருள் எதை நோக்கியது என்று கண்டுபிடித்தனர். அது கோதுமையை நோக்கியதன்று. நான் சொன்ன அந்த நல்ல வேலையாளாகிய டிரான்ஸ்குளூட்டமினேஸையே நோக்கியது! வந்தவனோடு கைகோத்து நின்றதனால் வீட்டு வேலையாளும் பழிக்கு ஆளானான். அந்த எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளப்பதே இன்று நோயறியும் முதற் சோதனை. ஆகவே இது கோதுமை ஒவ்வாமை என்னும் உடனடித் தடிப்பு, மூச்சுத்திணறல் போன்றதன்று. உடல் தன்னைத்தானே தாக்கும் நோய்களின் வரிசையைச் சேர்ந்தது.

இந்த ஏந்தி மரபணு உள்ளவர்கள் மக்களில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு உண்டு. அவர்களில் மிகச் சிலரே நோயுறுகின்றனர். மற்றவர்கள் ஏன் தப்புகிறார்கள் என்பது முழுதும் விளங்கவில்லை. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு என்பது தெளிவு.

இது ஐரோப்பியர் நோய், நமக்கென்ன என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1960-களிலேயே வட இந்தியக் குழந்தைகளிடம் இது காணப்பட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட நலமுள்ள மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். தெற்கிலே வேலூர்ப் பகுதி மக்கள். வடக்கில் நூற்றுக்கு 1.23 பேர், வடகிழக்கில் 0.87; தெற்கில் 0.10. தெற்கே ஆயிரத்தில் ஒருவர்தான். அப்படியானால் நம் மரபணு வேறோ? இல்லை. ஏந்தி மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றிலொருவரிடம் இருந்தது. வேறுபட்டது தட்டு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம். இட்லியும் சோறும் நம்மைக் காத்து வந்தன என்று பெருமை கொள்ளத் தோன்றும். ஆனால் வடகிழக்கிலும் கோதுமை குறைவே, 37 கிராம்தான். நோயோ அங்கே குறைவாக இல்லை. எனவே கோதுமையின் அளவு ஒன்றே கணக்கைத் தீர்த்துவிடாது. நம் ஊர்களில் இரவு உணவாகச் சப்பாத்தியும் பரோட்டாவும் பரவிவரும் நாளில், ஆயிரத்தில் ஒருவர் என்ற எண் அப்படியே நிற்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயிரத்தில் ஒருவர் என்றாலும், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை என்று கொள்ளுங்கள்.

அந்த ஒரு பிள்ளையை நான் கண்டேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், இரயில்வேயில் பணிபுரிந்து பஞ்சாபிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் மகள் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். வயது பதின்மூன்று, உயரம் 128 சென்டிமீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றால்கூட அவள்தான் குட்டை. தமிழைத் திக்கித் திக்கிப் பேசக் கற்றுக்கொண்டாள், கணக்கில் கெட்டிக்காரி. பிற்பகலில் மேசைமேல் தலை சாய்த்துவிடுவாள். சோம்பல் என்று சிலர் நினைத்தனர். இரும்புச்சத்து மருந்து ஓர் ஆண்டாகக் கொடுத்தும் சோகை தீரவில்லை. மருந்து உள்ளே போகிறது, இரத்தம் ஊறவில்லையே என்று ஐயுற்ற ஒரு டாக்டர் இரத்தச் சோதனையும் பின்பு குடல் திசுச் சோதனையும் செய்து நோயைக் கண்டறிந்தார். "ரொட்டி இல்லாமல் ஒரு வீடா, ஐயா?" என்று அவளுடைய தாயார் என் அறையில் அமர்ந்து கண்ணீர் விட்டது நினைவிருக்கிறது. மூன்று வேளையும் கோதுமை ரொட்டி உண்ட குடும்பம். அந்த அம்மையார் மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டினார். பிறகு அண்டைவீட்டாரிடம் கேழ்வரகு அடையும் இட்லியும் கற்றார். மறு ஆண்டு உடல் அளவெடுக்கும் நாளில் உடற்பயிற்சி ஆசிரியர் அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். 137 சென்டிமீட்டர். "இப்போதெல்லாம் கடைசி மணி அடிக்கிறவரைக்கும் தூக்கம் வருவதில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சிகிச்சை என்பது இவ்வளவுதான்: வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, ரை இவற்றை நீக்குவது. சொல்வது எளிது. கோதுமை பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது. மைதா, ரவை, சேமியா என்றால் பலருக்குத் தெரியும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அரிசிச் சோறும் சாம்பாரும்தானே உண்டாள் என்று நாம் நினைப்போம். சாம்பாரிலே பெருங்காயம் இருக்கும். சத்துப் பானங்கள் பலவற்றில் பார்லியின் முளைமாவு உண்டு. சோயாக் குழம்பிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அப்பளமும் ஆகாது. எல்லாவற்றையும்விட மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த அதே எந்திரத்தில் நம் அரிசியைக் கொட்டினால் நம் மாவிலும் கோதுமை ஏறிவிடும். குளூட்டன் அற்றது என்று ஓர் உணவுப் பொருளுக்குப் பெயரிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி. ஒரு கிலோவிலே ஒரு சிட்டிகையைவிடக் குறைவு! அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பயறு வகைகள் ஆகியவற்றில் இந்தக் குற்றம் இல்லை. நோயுற்றவர்க்கு நம் பழைய களஞ்சியம் ஒரு வரப்பிரசாதம்.

தண்டனை என்று எண்ணவேண்டாம். கோதுமையை முற்றும் நீக்கியபின் குடலுறிஞ்சிகள் மெல்ல மீண்டும் எழுகின்றன. பிள்ளைகளுக்கு விரைவாக, வயது வந்தவர்க்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். மாத்திரையால் இந்நோயை அடக்க முயலும் ஆராய்ச்சியும் நடக்கிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, நாளொன்றுக்கு மூன்று கிராம் குளூட்டன் வீதம் ஆறு வாரம் நோயாளிகளை உண்ணச் செய்து பார்த்தனர். குடல் சிதைவு குறைந்தது என்று 2021-இல் முடிவு வெளியாயிற்று. அது நோயாளியின் கைக்கு வரும் நாள் வரையில் தட்டே மருந்து.

இன்னொரு செய்தி. நோயற்றவர்களும் கோதுமையை விலக்குவது இப்போது ஒரு நாகரிகமாகப் பரவுகிறது. அவர்களுக்கு அதனால் பயனில்லை என்பது மட்டுமன்று. ஒரு தீங்கும் உண்டு. சோகையோ, ஓயாத வயிற்றுத் தொல்லையோ, வளர்ச்சிக் குறைவோ உள்ள ஒருவர், யாரோ சொன்னார் என்று தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து டாக்டரிடம் போனால், இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள் குறைந்துபோயிருக்கும். குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். சோதனை நோயில்லை என்று பொய்யாகச் சொல்லும். உறுதி செய்ய மீண்டும் பல வாரம் கோதுமை தின்று துன்புறவேண்டி வரும். ஆகையால் முதலில் வழக்கமான உணவோடு இரத்தச் சோதனை, அதன்பின் டாக்டர் சொன்னால் குடல் திசுச் சோதனை, அதற்கும் பின்னரே கோதுமையை நிறுத்துவது என்ற வரிசையை உங்கள் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.